லீவு டீச்சர்

எங்கள் ஊரில் எண்ணத் தெரியாதவர் கிடையாது. சோழவந்தானை ஒட்டி, வைகைக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் கிடக்கிற ஊர்களுக்கு வெற்றிலைதான் பிழைப்பு. பெரியாறுக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயலில் இரண்டு போகம் நெல்; மற்ற இடத்தில் அகத்தியை நட்டு, அதில் கொடியை ஏற்றிவிட்ட கொடிக்கால். விடிவதற்கு முன்னே இலை கிள்ளிக்கொண்டு வந்து கொட்டினால் வீடே சுற்றி உட்கார்ந்து எண்ணும். நூறு இலை ஒரு கவுளி. எங்கள் தெருவில் ஐந்தைந்தாக எண்ணுவார்கள். இருபது தடவை கை போய் வந்தால் கவுளி முடிந்தது. என் அப்பத்தா பேசிக்கொண்டே எண்ணும், சண்டை போட்டுக்கொண்டே எண்ணும், நடுவில் ஓட்டை விழுந்த இலையை எடுத்துத் தனியே போடும். இலை கூடியோ குறைந்தோ நான் பார்த்ததில்லை.

அந்த வீடுகளிலிருந்து கிளம்பிப் பள்ளிக்கூடம் போன நாங்கள்தான் கணக்கு பீரியடில் வாயடைத்து நின்றோம்.

ஐந்தாவது வரைக்கும் எங்களுக்குக் கணக்கு என்றால் பிரம்பு. காலையில் பிரேயர் முடிந்ததும் வரிசையாக நிறுத்தி வாய்ப்பாடு கேட்பார்கள். ‘ஏழெட்டு?’ என்ற கேள்விக்கும் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் ஐம்பத்தாறு வந்து விழ வேண்டும். தெரிந்த விடைகூட அந்த நேரத்தில் தொண்டையிலேயே நின்றுபோகும். கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்பது அதைவிட மோசம். முதுகுக்குப் பின்னால் வகுப்பு முழுக்க இருக்கும். யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. கை போடுகிற ஒவ்வொரு எண்ணையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணக்கு பீரியடுக்கு முந்திய மணி அடித்ததும் வயிறு வலிக்கிறது என்று வெளியே போகும் பையன்கள் நடிக்கவில்லை. நிஜமாகவே வலித்தது. எனக்கும் வலித்தது. வீட்டில் சொன்னால் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள்.

1986-இல் ஆறாம் வகுப்புக்கு வந்தோம். கணக்கு எடுத்த டீச்சர் அடிக்காதவர், பொறுமையானவர். ஆனால் நிறைமாதம். பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே பிரசவ விடுப்பில் போனார். அப்போது அந்த விடுப்பு 90 நாள். 2011-இல் அது ஆறு மாதமாகி, 2016-இல் ஒன்பது மாதமாகி, 2021-இல் ஓராண்டாகியிருக்கிறது. தாய்மார்களுக்கு நியாயமான, வெகு காலம் தாமதித்து வந்த உரிமை. ஆனால் இன்றைக்கு ஒரு பிள்ளையின் முழு வகுப்பாண்டும் இடைக்காலத்துக்கு வந்தவர் கையில் போகலாம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு யாரை அனுப்புகிறோம், அவருக்கு என்ன கொடுக்கிறோம் என்று ஊர் கவலைப்படுவதே இல்லை.

எங்களுக்கு வந்தவரை ஆபீசில் ‘லீவ் வேகன்சி’ என்றார்கள். நாங்கள் லீவு டீச்சர் என்றோம். மதுரையிலிருந்து மேலக்கால் வழியாக வரும் பாண்டியன் பஸ்ஸில் வருவார். பி.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து, சீனியாரிட்டி வருகிற வரைக்கும் கிடைத்த பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம், இரண்டு மாதம் என்று ஓடிக்கொண்டிருந்தவர். காட்டன் சேலை, கையில் ஒரு ரெக்சின் பை. முதல் நாள் எங்கள் வகுப்புக்குள் வந்ததும் மேசை மேல் கிடந்த பிரம்பைப் பார்த்தார். எடுத்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டார். அந்த ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும், அன்றிலிருந்து அடிக்கவில்லை. மூன்று மாதமும் பிரம்புக்கு அதுதான் வேலை.

புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. “உங்க வீட்ல யாரு நல்லா கணக்குப் பாப்பாக?” என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. இது என்ன வகைக் கேள்வி, எந்த விடைக்கு அடி விழும் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒரு பெண் மெதுவாக, “எங்கம்மா டீச்சர். பூ கட்டி விக்கிறாக” என்றாள். அப்புறம் கை கையாகத் தூக்கினோம். அப்பத்தா, பால் ஊற்றுகிற மாமா, நெல் அளக்கிற தாத்தா. கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். கொடிக்காலில் கூலிக்கு இலை கிள்ளுகிறவரின் மகன். மூன்றாவதிலிருந்து கரும்பலகைக்குப் போய் ஒரு கணக்கும் முடித்ததில்லை. அவன், “நானே பாப்பேன் டீச்சர்” என்றான். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

“அப்படியா? ஒரு கவுளி ஒண்ணேகால் ரூவான்னு வச்சுக்க. முப்பத்தாறு கவுளிக்கு எவ்வளவு?”

“நாப்பத்தஞ்சு.”

கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னான். டீச்சர் எப்படி என்று கேட்டார். கேட்டதும் அவன் முகம் மாறியது, ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தான். “சரிதான்யா. எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. நானும் கத்துக்கிறேன்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: முப்பத்தாறு கவுளிக்கு முப்பத்தாறு ரூபாய், முப்பத்தாறு கால் ரூபாய் ஒன்பது ரூபாய், சேர்த்தால் நாற்பத்தைந்து.

அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். 36, அதற்குக் கீழே 9, கோடு போட்டு 45. பக்கத்தில் 36 × 1.25 என்று எழுதி, புத்தகத்தில் இருக்கிற மாதிரி வரி வரியாகப் பெருக்கி, புள்ளி வைத்து 45.00 என்று முடித்தார். “ரெண்டும் ஒரே கணக்கு. இது இவன் போட்டது. இது புத்தகம் போட்டது. இவன் சீக்கிரம் முடிச்சுட்டான்.” அந்தப் பையன் எழுந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் போய், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் கூப்பிடாமல் அவன் கரும்பலகைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

பின்னாளில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களுக்கு இது நடப்பதற்கு முந்திய ஆண்டு, 1985-இல், பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தில் தெரெசின்ஹா நூன்ஸ், டேவிட் கேரஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூவர் இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தெருவில் இளநீரும் பழமும் விற்கிற பிள்ளைகளிடம் வாங்குகிறவர்கள்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக வந்தது. அதே பிள்ளைகளை உட்கார வைத்து, அதே கணக்குகளை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தார்கள், முப்பத்தேழுதான் சரி. 2025-இல் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உள்ளிட்ட குழு டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதையே பார்த்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகிற பிள்ளைகள் தாளில் போடுவார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறுவார்கள். நடுவில் பாலம் இல்லை. எங்கள் லீவு டீச்சர் எந்த ஆய்வையும் படித்திருக்க வழியில்லை. இரண்டு கணக்கையும் ஒரே கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார், அவ்வளவுதான். அதைத்தான் நாற்பது ஆண்டு கழித்தும் பெரும்பாலான வகுப்புகள் செய்யவில்லை.

பின்னம் வந்தது. பின்னத்தில்தான் எங்கள் வகுப்பு மொத்தமாகக் கவிழும். கால் கூட்டல் அரைக்கால் எவ்வளவு என்று 1/4 + 1/8 எழுதிப் போட்டார். பாதிப் பேர் சிலேட்டில் 2/12 என்று எழுதிக் காட்டினார்கள். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. “நாளைக்கு வீட்ல இருந்து படி, உரி, உழக்கு, ஆழாக்கு, எது இருக்கோ எடுத்துட்டு வாங்க” என்றார்.

மெட்ரிக் அளவு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தும் எங்கள் பக்கத்து வீடுகளில் படி போகவில்லை. மறுநாள் வகுப்பு நடந்த மரத்தடி இரும்புப் படியும் பித்தளை உழக்குமாக நிறைந்தது. வைகை மணலைக் கூடையில் அள்ளி வந்தோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி: இதை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம். உழக்கு என்பது கால் படி, ஆழாக்கு என்பது அரைக்கால் படி என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டுக் காலிப் படியில் ஓர் உழக்கு மணல் கொட்டச் சொன்னார். அதன் மேல் ஓர் ஆழாக்கு. “இப்ப கூடுச்சா, குறைஞ்சுச்சா?” கூடியது. “ரெண்டின் கீழ் பன்னிரண்டுன்னு எழுதுனீங்கள்ல, அது எவ்வளவு?” ஆறில் ஒன்று. “ஆறுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?”

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பூ கட்டுகிறவரின் மகள், “ஐயய்யோ, கொட்டுனதுக்கப்புறம் குறைஞ்சு போச்சா!” என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தோம், டீச்சரும். அந்தச் சிரிப்பில் எவருக்கும் தலைகுனிவு இல்லை. படியில் இருந்த மணலை ஆழாக்கால் திருப்பி அளந்தோம்: மூன்று. எட்டில் மூன்று. விடை எங்கள் கையில் மணலாக இருந்தது. இன்றும் என் மகள் பின்னம் போடும்போது நான் முதலில் கேட்பது, கூட்டின பிறகு கூடியிருக்கிறதா பார் என்பதுதான்.

விநாயகர் சதுர்த்தி வந்தபோது மீனாட்சி அம்மன் கோயிலின் முக்குறுணிப் பிள்ளையாரை வகுப்புக்குக் கொண்டுவந்தார். திருமலை நாயக்கர் காலத்தில் வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்று மதுரையில் சொல்வார்கள். சதுர்த்தியன்று அவருக்கு முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படியில், ஒரே கொழுக்கட்டை. குறுணி ஊருக்கு ஊர் மாறும். அந்தக் கோயில் கணக்கில் ஆறு படி. “ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி அளவு பிட்டுக் கொடுத்தா எத்தனை பேருக்கு வரும்?” பதினெட்டெட்டு நூற்று நாற்பத்துநான்கு. எட்டாம் வாய்ப்பாடு பதினாறோடு நின்றுவிடும் எங்களுக்கு. பதினெட்டை எல்லாரும் தாமாகவே போட்டார்கள். ஆறாம் வகுப்பு முழுக்கச் சாப்பிட்டு ஏழாம் வகுப்புக்கும் மிச்சம் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். எட்டாம் வகுப்புக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு மறக்க முடியாதது பஸ் டிக்கெட். கழித்தலில் கடன் வாங்குவது, அதிலும் நடுவில் சுழியம் வந்தால், எங்களில் பலருக்கு நடுக்கம். அதை அவர் சில்லறையை வைத்து விளக்கியிருந்தார், பத்து ரூபாயை உடைத்துத் தரையில் பரப்பி. புரிந்தது, ஆனால் கை ஓடவில்லை. ஒரு நாள் அந்த ரெக்சின் பையைத் திறந்து மேசையில் கொட்டினார். மெல்லிசான, கலர் கலரான பஸ் டிக்கெட்டுகள். பல நாளாகத் தன்னோடு இறங்கியவர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. ஆளுக்கு ஒன்று. “கடைசி நாலு நம்பரை எழுதிக்கங்க. அதை மாத்தி மாத்தி வச்சு, ஆகப் பெரிய எண்ணும் ஆகச் சின்ன எண்ணும் செய்ங்க. பெருசுல இருந்து சின்னதைக் கழிங்க. வர்ற விடைக்கும் அதையே செய்ங்க. எங்க போய் நிக்குதுன்னு பாப்போம்.”

எனக்கு வந்தது 4071. 7410-இல் 0147 போக 7263. 7632-இல் 2367 போக 5265. பிறகு 3996, 6264, 4176, அப்புறம் 6174. அதற்கும் செய்தேன்: 7641-இல் 1467 போக மறுபடி 6174. நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் முன் பெஞ்சில் ஒருத்தி 6174, ஜன்னல் ஓரத்தில் ஒருவன் 6174. ஒருத்திக்கு 7666, முதல் படியிலேயே 999 ஆகிவிட்டது என்று அழப் போனாள். முன்னால் ஒரு சுழியம் வைத்து நாலு இலக்கமாக்கு என்றார் டீச்சர். 0999, 8991, 8082, 8532, 6174. நாலும் ஒரே எண்ணாக வந்த டிக்கெட்டுகளை அவர் முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டவனிடம் 3333 எழுதிக் கழித்துப் பார்க்கச் சொன்னார்.

சிலருக்கு 6174 வரவில்லை. அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். யாருடைய நோட்டையும் வாங்கித் திருத்தவில்லை. ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள் என்றார். 7263 பதினெட்டு, 3996 இருபத்தேழு. எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். வராத வரியில் கழித்தல் பிசகியிருக்கிறது. நாங்களே எங்கள் நோட்டில் ஒன்பது கூடாத வரியைத் தேடி, பிசகைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மறுபடி போட்டோம். அன்றைக்கு நாற்பது நிமிடத்தில் வகுப்பு இருநூறு கழித்தலுக்குக் குறையாமல் போட்டிருக்கும். பிரம்பு இருந்த காலத்தில் ஒரு வாரத்துக்கு அவ்வளவு போட்டதில்லை. தப்பு என்பது அடுத்தவர் கண்டுபிடித்து நம்மைத் தண்டிக்கிற சமாச்சாரம் என்று ஐந்து வருடமாக உடம்பில் ஏறியிருந்தது. அது நாமே தேடிப் பிடிக்கிற ஒரு வரிதான் என்று அந்தப் பீரியடில் இறங்கியது. என்னைக் கேட்டால், கணக்குப் பயத்தில் கணக்கு கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஆளைக் கண்ட பயம்.

6174-ஐக் கண்டவர் கப்ரேக்கர் என்று கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அதை முதலில் சொன்னார். இலக்கங்கள் நாலும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிக்குள் அங்கே வந்து நின்றுவிடும். வாழ்நாள் முழுக்கப் பெரிய கணித நிபுணர்கள் பலர் அவரை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. நாங்கள் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த அதே 1986-இல்தான் அவர் காலமானார். நம் பக்கத்தில் பி.கே. சீனிவாசனும் (1924–2005) இப்படிப்பட்ட பள்ளி ஆசிரியர்தான். தூக்கிப் போடுகிற காகிதத்தையும் அட்டையையும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கைக் காட்டியவர். 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் அமைத்தவர். லீவு டீச்சர் பஸ் டிக்கெட்டை எங்கிருந்து கற்றார் என்று நான் கேட்டதில்லை. அவர் அந்தக் கூட்டத்து ஆள் என்று மட்டும் தெரியும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து சில நாளில் 90 நாள் முடிந்தது. அவருக்கு ஊதியம் வந்ததா, எப்போது வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. லீவு இடத்துக்கு வருகிறவர்களுக்கு அது எப்போதும் கடைசியாகத்தான் வரும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். போகும்போது மேசை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். மார்க் எதுவும் இல்லை. இவளுக்குப் பெருக்கல் வரும், வகுத்தலில் மீதியை மறப்பாள். இவனை முதலில் வாயால் சொல்ல விடுங்கள், பிறகு எழுத விடுங்கள். என் பக்கத்தில், அவசரப்படுத்தினால் நின்றுவிடுகிறான், நேரம் கொடுத்தால் போடுகிறான் என்று இருந்தது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த எங்கள் டீச்சர் முதல் இரண்டு நாளும் பாடம் எடுக்காமல் அந்த நோட்டைத்தான் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

பிறகு சதவீதம் ஆரம்பித்தார். அவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. “உங்க ஊர்ல வட்டி எப்படிச் சொல்வாக?” என்றார். நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று குரல்கள் வந்தன. இலை கிள்ளுகிறவரின் மகன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, “எங்கப்பா அஞ்சு வட்டிக்கு வாங்கியிருக்காரு டீச்சர், ஆயிரம் ரூவா” என்றான். டீச்சர் அவனிடமே சாக்பீஸைக் கொடுத்தார். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து, ஆயிரத்துக்கு ஐம்பது, பன்னிரண்டு மாதத்துக்கு அறுநூறு. ஆண்டுக்கு அறுபது சதவீதம் என்று எழுதிவிட்டு அவன் கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்னால், அவன் அப்பா துண்டைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூட வாசலில் நின்றார், மகன் வீட்டில் போட்ட கணக்கை டீச்சர் வாயாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்ள.